பழித்து வாங்கிய கருவி

கல்கத்தாவில் கிதார் என்று சொன்னால் உடனே ஒரு மறுவினா எழும்: "ஹவாயனா, ஸ்பானிஷா?" இவ்வினாவின் பொருள் விளங்காமல் யாம் விழித்த ஆண்டு 1974. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, லேக் மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு தமிழர் மெஸ்ஸில் மூவரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வீட்டு மாடியில் மாலைதோறும் ஒரு வங்கப் பெண் கிதாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி, இரவீந்திர சங்கீதம் பழகுவாள். சொல் இல்லாமலே பாட்டின் குழைவு முழுவதும் அதில் வந்துவிடும். அதுவே ஹவாயன் கிதார். 1940-களில் இந்நகரில் தங்கி வாசித்த டாவ் மோ முதலிய கலைஞர்களால் வேரூன்றி, வங்க நடுத்தரக் குடும்பங்களில் ஹார்மோனியத்தோடு ஒருங்கே இடம்பெற்றுவிட்ட கருவி. மார்போடு அணைத்து, விரலால் நேரே அழுத்தி வாசிக்கும் கிதாரை 'ஸ்பானிஷ்' என்று பிரித்துச் சொல்வது நகரத்து வழக்கு. எம் கதைக்கு இவ்விரண்டின் வேறுபாடு இன்றியமையாதது. ஆதலின் முதலிலேயே சொல்லி வைத்தோம்.

1976 டிசம்பரில், அலுவலகத்தில் எம்மோடு பணியாற்றிய ஆங்கிலோ-இந்திய நண்பர் ஒருவர் கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார். வீடு பௌ பாரக்ஸில் இருந்தது. சிவப்புச் செங்கல் சுவரும் பச்சை வண்ணச் சன்னல்களுமாக வரிசைபிடித்து நிற்கும் அக்குடியிருப்பை அறியாத கல்கத்தாவாசி இரார். விருந்து முடிந்து கூட்டம் கலைந்தபின், நண்பர் ஒரு கிதாரை எடுத்து இடத் தொடைமேல் நிறுத்தி வாசிக்கத் தொடங்கினார். எஃகுத் துண்டு இல்லை, மீட்டுக்கோலும் இல்லை, வெறும் விரல்கள். ஸ்பெயின் நாட்டு இசைஞர் தர்ரேகா (1852–1909) அல்ஹம்ப்ரா அரண்மனையை நினைந்து இயற்றிய படைப்பு அது என்று பின்னர்ச் சொன்னார். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களை நடத்திச் செல்ல, மற்ற மூன்று விரல்கள் ஒரே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் இருவர் வாசிப்பதாகத் தோன்றிற்று. திறந்தால் ஒருவரே இருந்தார்.

எம் அத்தையார் வீணை வாசிப்பவர். பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணையின் ஒலியில் வளர்ந்த செவி எம்முடையது. வீணையின் உலோகத் தந்தி மீட்டியபின்னும் நெடுநேரம் நின்று ஒலிக்கும். அந்நிற்றலில்தான் கமகம் வாழ்கிறது. அன்று கேட்ட ஒலியோ பிறந்த கணமே தணியத் தொடங்கியது. மென்மையும் கனிவும் உடையது, ஆனால் நில்லாதது. தணிந்துகொண்டே போகும் ஒலிக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்று எண்ணியவாறே கடைசி டிராமைத் தவறவிட்டு, மெஸ்வரை நடந்தே வந்தோம்.

"இது நைலான் தந்தி, அதனால்தான் இந்த ஒலி" என்று நண்பர் மறுநாள் விளக்கினார். நைலான் தோன்றுமுன் அங்கே விலங்கின் குடலைத் திரித்த இழைகளே தந்திகள். நம் முன்னோர் யாழின் தந்தியை 'நரம்பு' என்றே வழங்கியதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது குடல் இழைகள் அறுவைத் தையலுக்குத் தேவைப்பட்டமையால் கிதார்த் தந்திக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1938-இல் டூபாண்ட் நிறுவனம் உலகுக்கு அறிவித்த நைலானை எடுத்துக்கொண்டு, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டீன் என்ற கைவினைஞர் தந்தி செய்யத் தலைப்பட்டார். அக்காலத்தின் தலைசிறந்த கலைஞரான செகோவியா (1893–1987) அதனை ஏற்றுக்கொண்டார். மேல் மூன்று தந்திகள் தனி நைலான் இழை. கீழ் மூன்றும் நுண்ணிய நைலான் இழைகளின் கற்றைமீது வெள்ளி முலாமிட்ட செப்புக் கம்பியைச் சுற்றியவை. போர் முடிந்தபின் குடல் இழை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

அந்நாள் முதல் எமக்கும் அத்தகைய கிதார் ஒன்று வேண்டும் என்ற ஆசை உண்டாயிற்று. ஆனால் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கையர் இருவர் திருமணத்துக்கு இருந்தனர். இரவீந்திர சரணியில் வரிசையாக உள்ள இசைக்கருவிக் கடைகளில் உள்நாட்டுக் கிதார்கள் தொங்கும். பெரும்பாலும் எஃகுத் தந்தி பூட்டியவை. 1991-க்கு முன் வெளிநாட்டுக் கருவியைச் சுங்கத் தீர்வை செலுத்தி வரவழைப்பது எம் போன்றோர்க்கு எட்டாத செயல். கப்பலில் பணி செய்வோர் கொண்டுவந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. 1982-இல் நண்பர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். கிதாரும் அவரோடு கப்பலேறிற்று. எம் ஆசை மட்டும் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது.

தங்கையர் திருமணம், எம் திருமணம், மக்கள் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் உருண்டன. கல்கத்தா 2001-இல் கொல்கத்தா ஆயிற்று. 2012-இல் பணி ஓய்வு பெற்றோம். வழியனுப்பு விழாவில் இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களிடம், கிதார் கற்கப் போகிறோம் என்று சொன்னோம். நகைச்சுவை என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

புதிய கருவியே வாங்கியிருக்கலாமே என்று அன்பர்கள் வினவலாம். அதற்குள் கடைகளில் புதிய நைலான் கிதார்கள் நிறையவே வந்துவிட்டன. ஆனால், மலிவான கருவிகள் பலவற்றில் மேற்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. கிதாரின் உயிர் மேற்பலகையில் இருக்கிறது. இன்றைய கிதாரின் வடிவத்தை வகுத்த ஸ்பெயின் நாட்டுத் தோர்ரெஸ் (1817–1892) இதை மெய்ப்பிப்பதற்காகவே 1862-இல் ஒரு கிதாருக்கு முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்தார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அப்பலகை ஒரே மரத் துண்டாக இருந்து, ஆண்டுக்கணக்கில் உலர்ந்து, வாசிப்பில் அதிர்ந்து பழகிவிட்டால் ஒலி திறந்துகொள்ளும் என்பது கருவி செய்வோர் பலரின் நம்பிக்கை. ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்கினால் உண்மை தெரியும்: மேலே காணும் மரத்தின் வரிகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப்பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. நல்ல புதிய கருவியின் விலை எம் ஓய்வூதியத்துக்கு ஒத்துவரவில்லை. நல்ல பழைய கருவிக்குக் காத்திருக்கத் துணிந்தோம்.

இரவீந்திர சரணியில் ஒரு சந்தின் முனையில் கருவி பழுது பார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவரை அறிவோம். எட்டடிக்கு ஆறடி அறை. கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் சிதார்கள், எஸ்ராஜ்கள், வயலின்கள். எம் தேடலை அறிந்த அவர் 2014 சனவரியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். பௌ பாரக்ஸில் ஓர் அம்மையார் கிதார் ஒன்றை விற்க விரும்புகிறார். தாம் போய்ப் பார்த்ததாகவும், அது ஜப்பானில் செய்த பழைய நைலான் கிதார் என்றும் சொன்னார். "யாரோ அதில் எஃகுத் தந்தி கட்டியிருக்கிறார்கள். மேற்பலகை புடைத்திருக்கிறது, குதிரை தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் கழுத்து நேராக உள்ளது, விரிசல் இல்லை. என்னால் சரிசெய்ய முடியும். வேறொருவர் கண்ணில் படுமுன் போய் வாருங்கள். செப்பமாக இருந்தால் இருபதாயிரத்துக்குக் குறையாது."

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போனோம் என்பதை வாசகர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

முப்பத்தேழு ஆண்டுகட்குப் பின் அதே சிவப்புச் சுவர்கள். எழுபத்தெட்டு வயதுள்ள அம்மையார், தனியராக வாழ்ந்தார். ஆகஸ்டில் மெல்போர்னில் உள்ள மகளிடம் போய்விடப் போவதாகவும், வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுவருவதாகவும் சொன்னார். கட்டிலின் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தார். பெட்டி திறந்தது. மேற்பலகை தேன் நிறமாகக் கனிந்திருந்தது. ஒலித்துளையின் உள்ளே மங்கலான சீட்டு: நிப்பான் காக்கி. யமஹா என்ற பெயரில் கருவிகளை விற்ற நிறுவனத்தின் அந்நாளைய பெயர் அது. 1987-இல்தான் நிறுவனத்தின் பெயரும் யமஹா என்று ஆயிற்று. முதுகைத் திருப்பினோம். கருஞ்சிவப்பில் கரிய வரிகள் ஓடிய ஈட்டி மரம். மிஸ்திரி சொன்னபடியே எஃகுத் தந்திகள்; அவற்றை உயர்த்திப் பிடிக்கக் கழுத்தின் தலைப்பில் ஓர் உலோகத் துண்டு; ஹவாயன் வாசிப்புக்காகச் செய்த மாற்றம். குதிரைக்குப் பின்னால் பலகை வயிறுபோல் புடைத்திருந்தது.

நெஞ்சு படபடத்தது. முப்பத்தேழு ஆண்டு ஆசை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் முகத்தில் அதைக் காட்டவில்லை. சந்தையில் பழகிய எவரும் காட்டமாட்டார்கள்.

அம்மையார் ஆறாயிரம் ரூபாய் கேட்டார். யாம் உதட்டைப் பிதுக்கினோம். விரல் முட்டியால் அப்புடைப்பைத் தட்டிக் காட்டினோம். "கருவி பாழாகிவிட்டது ஆன்ட்டி. விவரம் அறியாத யாரோ இரும்புத் தந்தி கட்டி இதைக் கெடுத்துவிட்டார். இனி இது வாசிக்க உதவாது, சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்" என்றோம். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. சன்னல் பக்கம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின் "நீங்கள் என்ன தருவீர்கள்?" என்றார். நாலாயிரத்து ஐந்நூறு என்றோம். சரி என்று தலையசைத்தார். டாக்ஸியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியபோது, திறமையாக வாங்கிவிட்டோம் என்ற களிப்பே எமக்கு இருந்தது.

மிஸ்திரி முதல் வேலையாகத் தந்திகளைத் தளர்த்தினார். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்கும் மேலாக இழுக்கக் கூடியவை. நைலானுக்கென்று மெலிதாகச் செய்த பலகை அப்பாரத்தைப் பல்லாண்டு சுமந்திருந்தது. சிறு விளக்கையும் கண்ணாடியையும் துளைவழியே உள்ளே செலுத்திக் காட்டினார். பலகையின் அடியில் விசிறிபோல் விரிந்து செல்லும் ஏழு மெல்லிய சட்டங்கள். தோர்ரெஸ் நிலைநாட்டிய முறை. அவற்றுள் இரண்டு ஒட்டு விட்டிருந்தன. சூடேற்றிய மெல்லிய கத்தியால் குதிரையைப் பெயர்த்தெடுத்துப் பழம் பசையைச் சுரண்டினார். புதிதாக வச்சிரம் காய்ச்சி ஒட்டினார். இன்றைய செயற்கைப் பசைகள் இருக்க வச்சிரம் எதற்கு என்று கேட்டோம். "நாளை இன்னொருவன் இதைத் திறக்க வேண்டி வரும். வச்சிரம் சூட்டுக்கு இளகிக் கொடுக்கும். அவனையும் நினைத்துத்தானே ஒட்ட வேண்டும்?" என்றார். பிறக்காத ஒரு தொழிலாளியின் வசதிக்காகவும் பசையைத் தேர்ந்த அம்முதியவரின் சொல் எம் உள்ளத்தில் எங்கோ தைத்தது. ஆனால் எங்கே என்று அப்போது தெரியவில்லை.

முதுகு மரத்தைத் தடவிக்கொண்டே அவர் இன்னொன்று சொன்னார்: "இது உங்கள் பக்கத்து மரம், பாபு." தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் அம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் வளர்வது. 1960-களின் இறுதியில் பிரேசில் தன் நாட்டு ஈட்டியை அறுக்காத கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபோது, உலகத்துக் கிதார்ப் பட்டறைகள் இந்திய ஈட்டியை நோக்கித் திரும்பின. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிகம் 1992-இல் முற்றாகத் தடைப்பட்டது. நம் ஈட்டியும் 2017 முதல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்குப் பெற்றது. நம் மலையில் வளர்ந்த மரம் ஜப்பானில் கருவியாகி, கப்பலேறிக் கல்கத்தாவில் ஒரு கட்டிலின் அடியில் கிடந்திருக்கிறது. ஊரை விட்டு வந்த எமக்கு அது உறவுபோல் தோன்றியதில் வியப்பில்லை.

வேலை முடிய ஐந்து மாதம் ஆயிற்று. கூலி, கருவியின் விலையை விஞ்சியது. புடைப்பு முற்றிலும் அடங்கவில்லை. "முழுவதும் தட்டையாக வேண்டுமென்றால் பலகையையே கழற்ற வேண்டும், வேண்டா. ஒலிக்குக் குறையில்லை" என்றார் மிஸ்திரி. சூன் மாதத்தில் ஒரு மழைநாள் நைலான் தந்திகளைப் பூட்டினார். புதிய நைலான் நீண்டுகொண்டே போகும். சுருதி நிற்கச் சில நாள் பிடிக்கும். அந்நாள்கள் கழிந்தபின் ஓரிரவு வீட்டில் அனைவரும் உறங்கியபோது, விரல் நுனியால் ஒரே ஒரு தந்தியைத் தொட்டோம். பௌ பாரக்ஸில் 1976-இல் கேட்ட அதே ஒலி. பிறந்த கணமே தணியத் தொடங்கும் அதே கனிவு.

களிப்பு இருந்திருக்க வேண்டும். ஆனால் எம் செவியில் உடன் ஒலித்தது எம் சொல்லே: பாழாகிவிட்டது, வாசிக்க உதவாது.

வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வாணிகம் செய்வோர்க்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருளைப்போலவே எண்ணிச் செய்வது என்பது அதன் கருத்து. பூம்புகார் வணிகரின் நடுநிலையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. நம் சங்க மேடைகளில் இவற்றை எத்தனையோ முறை எடுத்துப் பேசியிருக்கிறோம். பேசும்போதெல்லாம் இவை கடைக்காரர்க்குச் சொன்னவை என்றே கருதினோம். வாங்குபவனும் வாணிகத்தில் பாதி அன்றோ? அக்கிதார் எம்முடையதாக இருந்து, பிறர் ஒருவர் வந்து அதை முட்டியால் தட்டிப் பாழ் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்போமா? நான்கு நாள் உறக்கமின்றிப் புரண்டபின், ஒரு காகித உறையில் பதினைந்தாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு பௌ பாரக்ஸ் சென்றோம்.

வீட்டில் நாற்காலி இரண்டும் ஒரு கட்டிலுமே எஞ்சியிருந்தன. உறையை நீட்டி, கருவி சீராகிவிட்டதையும் அதன் மதிப்பையும், யாம் முன்னரே அதை அறிந்திருந்ததையும் சொன்னோம். அம்மையார் உறையைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு, எஞ்சியதை உறையோடு திருப்பித் தந்தார்.

"நான் கேட்டது ஆறாயிரம். நீங்கள் குறைத்தது இது. இது என் பணம், எடுத்துக்கொண்டேன். மற்றது என்னுடையதன்று."

"அதன் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருந்தால்..." என்று தொடங்கினோம்.

"மதிப்பு எனக்குத் தெரியாது. எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். அதைத்தான் கேட்டேன்." சற்று நிறுத்தி, "விவரம் அறியாத யாரோ என்று சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? அவர் என் கணவர்" என்றார்.

யாம் வாய் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். 1972-இல் கோபே துறைமுகத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அக்கிதாரை வாங்கினார். ஒவ்வொரு பயணத்திலும் நைலான் தந்தி வாங்கி வருவார். 1979-இல் வேலை போயிற்று. தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி கிடைப்பது அரிதாயிற்று. ஸ்பானிஷ் கற்க அந்நாளில் அவரிடம் வந்தவர் ஒருவரோ இருவரோ. ஹவாயன் கற்பிக்க ஆள் தேடிய வீடுகளோ தெருவுக்குத் தெரு இருந்தன. மற்றொரு கருவி வாங்கப் பணம் இல்லை.

"எஃகு கட்டினால் பலகை எழும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கே சொல்லிக் காட்டியிருக்கிறார். கட்டிய அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் டிராமில் ஏறிப் பவானிபூருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். இருபத்தைந்து ஆண்டுகள் அப்படிப் போனார். என் பெண்கள் இருவரும் படித்தது அந்தக் கிதாரில்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கை நேர்செய்வதுபோல் சொன்னார். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்றது அவருக்கு வருத்தமாக இருக்கவில்லை. பணத்தின் தேவையை அவர் அறிவார். கணவரை அறியாதவர் என்று ஒருவர் தம் வீட்டில் நின்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு கருவியைக் கொடுத்துவிட்டதே வருத்தம். யாம் பழுது என்று விரலால் தட்டிக் காட்டிய புடைப்பு, ஒரு குடும்பத்துக்குச் சோறிட்ட உழைப்பின் தழும்பு. மன்னிக்க வேண்டினோம். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. "இப்போது எப்படி ஒலிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிதாரோடு சென்றோம். கற்கத் தொடங்கி இரு வாரமே ஆகியிருந்தது. எமக்குத் தெரிந்தது தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுவதும், நான்கு சுரம் ஏறி இறங்குவதும்தான். நாணத்தோடு அதையே செய்தோம். அம்மையார் கைகளை மடியில் கோத்து, கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் "கீழ்த்தந்தி சற்று இறங்கியிருக்கிறது" என்றார். செவியை அருகில் வைத்துப் பார்த்தோம். உண்மைதான். முறுக்கியை ஒரு மயிரிழை திருப்பினோம். "இப்போது சரி" என்றார். ஆகஸ்டில் அவர் புறப்பட்டுப் போனார்.

அதன்பின் ஆண்டுகள் பல கடந்துவிட்டன. தர்ரேகாவின் படைப்பை யாம் வாசித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான், அது பொய்யாகும். அறுபதைக் கடந்து பழகத் தொடங்கிய விரல் அவ்வளவு விரைந்து செல்லாது. எளிய பயிற்சிப் பாடங்கள் சிலவற்றை, அதிலும் மெதுவாக, வாசிக்கிறோம். வலக்கை நகங்களை வளர்த்து அரம் போட்டுத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து எம் மனைவியார் நகைப்பது இன்னும் நின்றபாடில்லை. மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வைக்கிறோம். பனிக்காலத்து வறட்சியில் அவற்றை எடுத்துவிடுகிறோம். குதிரைக்குப் பின்னால் அப்புடைப்பு இன்னும் இருக்கிறது. வாசித்து முடித்துத் துணியால் துடைக்கும்போது, விரல் அதன்மேல் ஏறி இறங்கும்.

விரும்பிய பொருளைப் பழித்து வாங்குவது சந்தையின் இயல்பு என்று நமக்குச் சிறு வயதிலேயே பழக்கப்பட்டுவிடுகிறது. கத்தரிக்காயிலிருந்து கல்யாணம்வரை அப்படித்தான் நடக்கிறது. விலை குறைகிறது என்பது உண்மை. ஆனால் அச்சொல்லைக் கேட்பவர் எதிரே நிற்கிறார் என்பதையும், அவருக்கும் அப்பொருளுக்கும் இடையே நாம் அறியாத ஒரு வாழ்வு இருக்கலாம் என்பதையும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. குறைத்த பணத்தைப் பின்னொரு நாள் கொடுத்து நேர்செய்துவிடலாம். எமக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வழியை இன்றுவரை யாம் காணவில்லை.

எமக்குப் பின் இக்கருவி யாரிடம் போகும் என்பது தெரியாது. பெட்டியின் மூடிக்குள், தந்திகள் வைக்கும் சிற்றறையில் ஒரு தாளை எழுதி வைத்திருக்கிறோம். 1972-இல் கோபேயில் வாங்கியது. 1979 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் எஃகுத் தந்தியோடு பாடம் கற்பித்தது. 2014-இல் குதிரையும் இரு சட்டங்களும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டன. எஃகுத் தந்தி இனிக் கட்ட வேண்டா. இவற்றின் கீழே ஒரு வரி: மேற்பலகையின் புடைப்பு, அறிந்தே ஏற்றது.